மஞ்சள் துணி கட்டிய குச்சிகள்

எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் வலை கிடையாது. பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடித்துப் பிழைக்கிறோம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே படகையும் வலையையும் நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு இரண்டும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, முட்டிபோட்டு, இரண்டு கைகளையும் சேற்றில் விரித்துத் தடவிக்கொண்டே நகர்வோம். இறால் சேற்றில் சின்னதாகப் பள்ளம் பறித்துப் பதுங்கியிருக்கும். ஒரு கையின் விரல் அதன் மீசையில் பட்டால் போதும், மறு கை தானாக வந்து அமுக்கிவிடும். பிடித்ததைப் போட ஒரு பனையோலைப் பறி. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். கை இரண்டும் சேற்றில் இருக்கும்போது கூடையைப் பிடிக்க வாயை விட்டால் வேறு எது இருக்கிறது?

அதனால் தண்ணீரில் இருக்கும்வரை யாரும் பேச முடியாது. பேச வாயைத் திறந்தால் பறி கவிழ்ந்து அதுவரை பிடித்ததெல்லாம் போய்விடும். இதில் பெரிய லாபம் எனக்குத்தான். என்னோடு தினமும் இறங்கியது என் அண்ணி. கரையில் அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. என் நடையைப் பற்றி, என் குழம்பைப் பற்றி, என்னை விட்டுவிட்டுப் போன மனுஷனைப் பற்றி, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு வசனம் இருந்தது. "தண்ணியில எறங்குனாத்தான்டி உனக்கு எங்கிட்டேருந்து விடுதலை"னு அவளே சொல்லிச் சிரிப்பாள். நானும் சளைத்தவள் இல்லை, திருப்பிக் கொடுப்பேன். பதினைந்து வருடம் அப்படித்தான் ஓடியது. அவள் இல்லாமல் ஒருநாள் இறங்கினாலும் எனக்குக் கை ஓடாது. இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அதையும் ஊர் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள்.

அவள் கை அப்படிப்பட்ட கை. சேற்றுக்குள் தொட்டதும் இது வெள்ளை இறால், இது கருப்பு, இந்த நண்டு இன்றுதான் ஓடு கழற்றியிருக்கிறது என்று அந்த விரல்களுக்குத் தெரியும். கரையேறிப் பறியைக் கொட்டி எண்ணெய் விளக்கில் பார்த்தாலும் எனக்குப் பிடிபடாதது அவளுக்கு இருட்டிலேயே பிடிபடும். அரிசியில் கல் பொறுக்க அவள் வெளிச்சத்துக்கு உட்கார மாட்டாள். நான் ஒரு பறி நிரப்புவதற்குள் அவள் ஒன்றரை நிரப்புவாள். மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை இறக்கப் போகும் என் அண்ணன் சம்பளத்தில் பாதி ரயிலிலிருந்து இறங்கி வீடு வருவதற்குள் கரைந்துவிடும். அவன் வீடும், பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என் வீடும் அண்ணியின் அந்த வலது கையை மட்டும் நம்பித்தான் உலை வைத்தன.

ஏரிக்கரைக்குக் குப்பை எப்போது வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரே நாளில் வந்திருந்தால் சண்டை போட்டிருப்போம். கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் பழகிப்போனது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பறவை பார்க்க வரும் கூட்டம் பிரியாணிப் பொட்டலத்தையும் தெர்மாகோல் தட்டையும் விட்டுவிட்டுப் போகும். படகில் ஏறிச் சுற்றுகிறவர்கள் நடுத்தண்ணீரில் பாட்டிலைப் போடுவார்கள். வடக்கேயிருந்து தெலுங்கு எழுத்துப் போட்ட பாட்டில்களும் மிதந்து வரும். ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் செக்போஸ்ட் லாரிக்குத்தான், பாட்டிலுக்கு இல்லை. எல்லாப் பழியையும் வெளியூர் மேலே போட எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் ஆம்பிளைகள் மட்டும் குடித்துவிட்டுப் பாட்டிலை வீட்டுக்கா எடுத்து வருகிறார்கள்? கரையில் உட்கார்ந்து குடித்து, யார் தூரமாக எறிவது என்று பந்தயம் கட்டி எறிவார்கள். என் அண்ணன் நன்றாக எறிவான்.

பிளாஸ்டிக் அசிங்கம், அவ்வளவுதான். கண்ணாடி வேறு. வலைக்காரனுக்குக் கண்ணாடி வந்தால் வலை கிழியும். எங்களுக்கு வலையும் கைதான். சேற்றில் தடவிக்கொண்டு போகிறவள் கண்ணால் எதைப் பார்ப்பாள்? எங்கள் தெருவில் கையில் தழும்பில்லாத பெண்ணைத் தேட வேண்டும். முதலில் வெட்டுப்பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டினோம். பிறகு ஊசி போடப் போனோம். பிறகு சில இடங்களில் இறங்குவதையே விட்டுவிட்டோம். இறால் நன்றாகப் படும் இடங்கள் அவைதான்.

நான் பத்தாவது வரை படித்தவள். தெருவில் மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். கண்ணாடியைப் பற்றி நான் நாலைந்து மனு எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் 'ஆவன செய்யுமாறு' என்று முடித்திருக்கிறேன். ஆவன செய்தது யாருமில்லை. ஒரே ஒரு தடவை மனுவுக்குப் பலன் கிடைத்தது என்று நினைத்தேன். சென்னையிலிருந்து ஒரு தொண்டுக் குழு வந்தது. கல்லூரிப் பிள்ளைகள், எல்லோரும் ஒரே பச்சை நிறச் சட்டை. கூட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். என்னை "அக்கா, அக்கா"னு கூப்பிட்டாள். நல்ல பெண். அதை இங்கே எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை வேன் வந்து நின்றது. பேனர் கட்டினார்கள். எங்களுக்கும் கை உறை கொடுத்தார்கள். அண்ணி அதை மாட்டிக்கொண்டு கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கையி குருடான மாதிரி கீது. இத்த போட்டுகினு எறாலத் தொட்டா எறாலுக்கே சிரிப்பு வந்துடும்."

"குப்பை பொறுக்கத்தான் அண்ணி. இறால் பிடிக்க இல்லை."

"குப்ப பொறுக்கறதுக்குக் கையில உணர்ச்சி வாணாம்னு சொல்ற. அது கரெக்ட்டு."

அந்தப் பேச்சு அப்போது வெறும் கேலி.

மத்தியானம்வரை பொறுக்கினோம். எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். மூட்டை மூட்டையாகக் கட்டி வரிசையாக வைத்தோம். கரை அவ்வளவு சுத்தமாக இருந்ததை என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். பிள்ளைகள் மூட்டைக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். அண்ணியை நடுவில் நிறுத்தினார்கள். அவள் தலையைக் கோதிவிட்டுக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி விறைப்பாக நின்றாள்.

நான் அந்தப் பெண்ணிடம் போய், "கரையில இருக்குறது எங்களுக்குக் கஷ்டமில்லம்மா. தண்ணிக்குள்ள இருக்குறதுதான் கஷ்டம். கண்ணாடி எல்லாம் உள்ள கீது"னு சொன்னேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள். பழுப்பு நிறத் தண்ணீர், அரை அடிக்குக் கீழே எதுவும் தெரியாது.

"இதுல எப்படிக்கா தேடுறது? எங்க இருக்குன்னு தெரிஞ்சா பூட்ஸ் போட்டவங்களைக் கூட்டிட்டு வரலாம். அடுத்த வாரம் வர்றோம். நீங்க இடத்தை மட்டும் அடையாளம் பண்ணி வைக்க முடியுமா?"

முடியும் என்று நான் சொன்னேன். யாரையும் கேட்காமல், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சொன்னேன். குச்சி நட்டு வைக்கலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

எங்கள் ஏரியில் குச்சி என்றால் என்ன அர்த்தம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வலைக்காரர்களுக்குள் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில், எந்தத் துறையில், யார் வலை கட்டலாம் என்று அவர்களுக்குள் பேசிவைத்து, ஆள் மாற்றி ஆள் போவார்கள். பாடு வந்தவன் தன் இடத்தில் குச்சி ஊன்றுவான். தண்ணீரில் ஒரு குச்சி நின்றால், 'இந்த இடம் இன்றைக்கு என்னுடையது' என்று அர்த்தம். எங்களுக்குப் பாடு கிடையாது. வலை இல்லாத இடமாகப் பார்த்து ஓரமாகத் தடவிக்கொண்டு போவோம். அவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்த ஏரியில் எங்கள் ஆட்கள் ஒரு குச்சி நட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். துணி கட்டினால் வித்தியாசம் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அண்ணி தன் பழைய மஞ்சள் புடவையைக் கொண்டுவந்தாள். பட்டை பட்டையாகக் கிழித்தோம். சவுக்குக் குச்சிகளை வெட்டி, நுனியில் மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் இறங்கினோம். இந்தத் தடவை பறி இல்லை, அதனால் அண்ணியின் வாய் சும்மா இல்லை. ஒவ்வொரு குச்சி நடும்போதும், "இது ஞாயித்துக்கெழம வந்த பிரியாணிக்காரனுக்கு", "இது உங்க அண்ணனுக்கு", "இது ஆந்திராவுக்கு"னு பேர் வைத்துக்கொண்டே வந்தாள். காலால் மெதுவாகத் துழாவிக் கண்ணாடி தட்டுப்படும் இடத்திலெல்லாம் நட்டோம். மூன்று நாள் ஆனது. கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஏரியில் முதல் தடவையாக எங்களுடையது என்று ஒன்று நின்றது.

வலைக்காரர் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நட்டிருக்கலாம். அவர் தெரு கூப்பிடு தூரம்தான். நல்ல காரியத்துக்கு எதற்கு அனுமதி என்று திமிராக இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் வேன் வரவில்லை. மழை என்று சொன்னார்களாம். அதற்கடுத்த வாரம் அந்தப் பெண் போன் செய்து பரீட்சை என்றாள், கட்டாயம் வருவோம் என்றாள். செல்போனில் எங்கள் போட்டோவை அனுப்பினாள். அண்ணி விறைப்பாக நின்றிருந்தாள். போட்டோவில் அவளுக்கு முன்னால் இருந்த மூட்டைகள் இன்னும் கரையிலேயே கிடந்தன. அவற்றை அள்ளிப்போக டிராக்டர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நாய்கள் இழுத்துப் பாதி மூட்டை கிழிந்துவிட்டது. ஒரு வாடைக்காற்றில் மிச்சமும் திறந்துகொண்டு, நாங்கள் பொறுக்கியதெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே போனது.

ஆனால் குச்சிகள் நின்றன. அவற்றால் ஒரு பலன் கிடைத்தது. பயந்து விட்டுவிட்டிருந்த இடங்களில் நாங்கள் மறுபடி இறங்க ஆரம்பித்தோம். குச்சி இருக்கும் இடத்தைச் சுற்றிப் போனால் போதும், குச்சி இல்லாத இடம் சுத்தம். முன்பெல்லாம் ஒவ்வோர் அடியிலும் முதலில் காலை வைத்துப் பார்த்து, பிறகுதான் கையை வைப்போம். அந்த வழக்கம் மெதுவாக விட்டுப்போனது. காலுக்கு வேலை இல்லாததால் வேகம் கூடியது. பறி சீக்கிரம் நிரம்பியது. "படிச்ச புள்ள, படிச்ச புள்ளதான்"னு அண்ணி தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பதினைந்து வருடத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அந்தக் காலை தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. கரைப்பக்கக் குச்சிகள் அப்படியே நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போனோம். வலைக்காரர்களின் படகு போகும் கால்வாய்ப் பக்கம் திரும்பினோம். அங்கே குச்சிகள் குறைவாகத் தெரிந்தன. நாம் அங்கே அவ்வளவுதான் நட்டோம் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பேச முடிந்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேன். வாயில் கயிறு.

அண்ணி எனக்கு நாலு கை தூரத்தில் இருந்தாள். அவளும் குனிந்திருந்தாள், நானும் குனிந்திருந்தேன். எப்போது வெட்டியது என்று எனக்குத் தெரியாது. அவள் கத்தவில்லை. பறி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது, கத்தினால் கயிறு நழுவிவிடும். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். கயிறு பல்லில் இருந்தது. வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள், முழங்கை வழியாக ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. கரைவரை அப்படியே நடந்து வந்தாள். பறியைக் கரையில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"குச்சி இல்லடி அங்க. நா பாத்தேனே. குச்சி இல்ல."

அதையேதான் ஆட்டோவிலும் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். சுத்தம் செய்து, தையல் போட்டு, ஊசி போட்டார்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் போகும் நரம்பு அறுந்திருக்கிறது, விரலை மடக்கும் தசைநாரும் அறுந்திருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் பொறுமையான மனிதர். கட்டுப் பிரித்த நாளில் அண்ணியின் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பேனா முனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார்.

"இப்போ எந்த விரலைத் தொடுறேன், சொல்லுங்கம்மா."

"தொடவே இல்லியே இன்னும்"னு அண்ணி சொன்னாள்.

அவர் தொட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குச்சிகள் எங்கே போயின என்று தேட நான் எங்கும் போகவில்லை. அவையே கண்ணில் பட்டன. அண்ணிக்குக் கட்டுப் போட்ட இரண்டாம் நாளே வலைக்காரர்கள் வலை காயப்போடும் கொட்டகைப் பக்கமாகப் போனேன். கொட்டகையின் மூலையில் ஒரு கட்டுச் சவுக்குக் குச்சி சார்த்தி வைத்திருந்தது. நுனியில் மஞ்சள் துணி. வலைக்காரர் தலைவர் அங்கேதான் உட்கார்ந்து கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும், சத்தமாகப் பேசத் தெரியாத மனுஷன். நான் போட்ட சத்தத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"நாங்கதாம்மா புடுங்குனோம்"னு அவர் ஒப்புக்கொண்டார். "எங்க படகு வர்ற வழியில கீறத மட்டும் புடுங்கச் சொன்னேன். கரையாண்ட கீறத விட்டுட்டோம். பாடு எங்களுது. கேக்காம கொள்ளாம துணி கட்டிக் குச்சி நட்டா நாங்க இன்னா நெனக்கிறது? கையால தடவறவங்க எடம் புடிக்கிறாங்கனு பசங்க கொதிச்சானுங்க."

"கண்ணாடிக்கு அடையாளம் அய்யா அது! எடம் புடிக்கவா மஞ்சத்துணி கட்டுவாங்க?"

"எனக்கு எப்டிமா தெரியும்? ஒரு வார்த்த சொன்னியா?"

நான் திருப்பிக் கேட்டேன்: "புடுங்குனீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" அவர் அண்ணியின் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். சொன்னேன். ஊசி அவர் கையில் அப்படியே நின்றுவிட்டது. தன் மடியிலிருந்த வலையைத் தூக்கிக் காட்டினார். நாலு இடத்தில் கிழிந்திருந்தது, கண்ணாடிதான். "எல்லாருக்கும் இதே பேஜாருதாம்மா"னு சொன்னார். அவர் சமாதானத்துக்குச் சொன்னதாகத்தான் இருக்கும். எனக்கு அந்த வலையை இழுத்து இன்னும் கிழிக்க வேண்டும்போல இருந்தது. வலையைப் பொத்தலாம். குச்சிக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுபடி நடலாமா என்று தலைவரிடமே போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அவர் ஆட்களைக் கேட்க வேண்டும் என்றார். அவர் ஆட்கள் அடுத்த ஊர் வலைக்காரர்களைக் கேட்க வேண்டும் என்றார்கள். பாடு என்பது ஓர் ஊர்க் காரியம் இல்லையே. சரி, குச்சி வேண்டாம், எல்லோரும் சேர்ந்து ஒருநாள் கண்ணாடியை எடுத்துவிடலாம் என்றேன். தலையாட்டினார்கள். அதோடு சரி. கோபப்பட்டுக்கூட யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் சண்டை போட்டாவது ஜெயித்திருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாற்போல நான்தான் முதலில் ஊதினேன். அதன்பிறகு ஊத எனக்கு மூச்சில்லை.

பச்சைச் சட்டைப் பெண்ணுக்குப் போன் செய்து திட்டினேன். அவள் அழுதாள். பிறகு நானும் அழுதேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

அண்ணியை வெட்டிய பாட்டில் யார் போட்டது என்று எப்படித் தெரியும்? பிரியாணிக்காரனாக இருக்கலாம், ஆந்திராவாக இருக்கலாம். என் அண்ணனாகவும் இருக்கலாம். அவனுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். ஒரு மாதம் அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினான். ஏரிக்கரையில் குடிப்பதை விட்டுவிட்டான். இப்போது ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் குடிக்கிறான்.

கை ஆறியதும் அண்ணி தண்ணீரில் இறங்கிப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொன்னேன். "சொம்மா எறங்கறேன்டி, தண்ணிதானே"னு இறங்கினாள். பறிக்கயிற்றைக் கடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் முட்டிபோட்டாள். நான் தடவுவதாகப் பாவனை செய்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை சேற்றில் போனது. வலது கை பின்னால் போனது. ஓர் இறால் அவள் வலது கைக்கு அடியிலிருந்து துள்ளித் தண்ணீருக்கு மேலே வந்து விழுந்தது. அவ்வளவு பெரிய இறால், கை அதன் மேலேயே இருந்திருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. மூன்று தடவை அப்படி நடந்தது. நாலாவது தடவை அவள் எழுந்துவிட்டாள். கரையில் உட்கார்ந்து வெகுநேரம் அந்த இரண்டு விரல்களையும் பல்லால் கடித்துக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அந்தப் புள்ளைங்க குடுத்துச்சே உற, அத்தப் போட்ட மாதிரி கீது. கழட்டத்தான் முடியல"னு சொன்னாள்.

அன்றைக்கு அதற்கு மேல் அவள் எதுவும் பேசவில்லை. கரையில் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கரையைச் சுத்தமாக வைக்க ஒரு ஒப்பந்தக்காரர் ஆள் எடுக்கிறார் என்று கொஞ்ச நாளில் பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதிகமானதால் மேலே யாரோ சொல்லியிருக்கிறார்கள். தள்ளுவண்டியும் பச்சை நிற மேல்சட்டையும் கொடுப்பார்களாம். அதற்கும் மனு எழுத வேண்டியிருந்தது. நான்தான் எழுதினேன். 'மனுதாரர் வலது கையில் ஊனமுற்றவர்' என்று எழுதும்போது அண்ணி எட்டிப் பார்த்து, "இன்னாடி எழுதற, படி"னு கேட்டாள். 'மனுதாரர் உழைக்கும் திறன் படைத்தவர்' என்று படித்துக் காட்டினேன். நான் எழுதிய மனுக்களில் ஆவன செய்யப்பட்டது அது ஒன்றுதான்.

இப்போது அண்ணி காலையில் வண்டி தள்ளுகிறாள். கையுறை போட்டுக்கொள்கிறாள். வலது கை உறையில் இரண்டு விரல்கள் விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். கேலி கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, முன்பு போல இல்லை. நான் தனியாகத் தண்ணீரில் இறங்குகிறேன். தெருவில் மற்ற பெண்கள் பாதிப் பேர் மீஞ்சூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் ஒவ்வோர் அடியிலும் முதலில் காலை வைத்து, பிறகு கையை வைக்கிறேன். பறி நிரம்ப மத்தியானம் ஆகிவிடுகிறது.

பொறுக்கிய குப்பையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதை ஒப்பந்தக்காரர் யோசிக்கவில்லை. முதலில் ரோட்டோரம் கொட்டச் சொன்னார்கள். அங்கே நாற்றம் என்று சண்டை வந்தது. பிறகு மேஸ்திரி, சீமைக்கருவேல மரங்களுக்குப் பின்னால் கொட்டச் சொல்லிவிட்டான். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. கருவேலத்துக்குப் பின்னால் ஏரிதான். தண்ணீர் ஏறினால் மரத்தின் காலடிவரை வரும் இடம்.

அவள் அங்கே கொட்டுவது எனக்குத் தெரியாது. போன மாதம் ஒரு காலை அந்தப் பக்கமாகத் தடவிக்கொண்டு போனபோதுதான் பார்த்தேன். அவள் வண்டியைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். பாட்டில்கள் ஒன்றன் மேல் ஒன்று சரிந்து விழும் சத்தம் கேட்டது. சில உடைந்தன. பச்சைச் சட்டை, கையுறை, விறைத்த இரண்டு விரல்கள். வண்டியை நிமிர்த்தும்போது என்னைப் பார்த்துவிட்டாள். என் வாயில் பறிக்கயிறு இருந்தது. இல்லாவிட்டாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? மனு எழுதிக் கொடுத்தவள் நான்தானே.

"இன்னாடி அப்டி பாக்கற?"னு அவள்தான் கத்தினாள். "வேற எங்க கொட்டறது? ஊட்லயா கொட்டறது?" பிறகு குரலை இறக்கி, "அதோ பாரு. உனக்கோசரம் குச்சி நட்டுக்கீறேன். அதுக்கு இந்தாண்ட வராத, ஆமா"னு சொன்னாள்.

பார்த்தேன். கரையிலிருந்து பத்தடி தள்ளித் தண்ணீரில் ஒரு சவுக்குக் குச்சி நின்றது. நுனியில் மஞ்சள் துணி. நான் கொட்டகையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த கட்டில் ஒன்று. ஒற்றைக் கையால் எப்படி அதை அவ்வளவு ஆழமாக ஊன்றினாளோ தெரியவில்லை. தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போகாமல் திரும்பினேன்.

மறுநாள் போனபோது குச்சி அங்கே இல்லை. யார் பிடுங்கினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. முந்தின நாள் குச்சி நின்ற இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளப் பார்த்தேன். தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தது. கருவேலத்துக்கு அந்தப் பக்கம், ரோட்டுப் பக்கமிருந்து வண்டிச் சக்கரத்தின் சத்தம் கேட்டது. அண்ணி எட்டிப் பார்த்தாள். புதர் மறைத்ததால் அவள் நின்ற இடத்திலிருந்து குச்சி நின்ற தண்ணீர் தெரியாது, என் தலை மட்டும்தான் தெரியும்.

"குச்சியப் பாத்துகினியாடி?"னு கேட்டாள்.

கயிற்றைப் பல்லில் கடித்தபடி, பார்த்துக்கொண்டேன் என்று தலையாட்டினேன்.